விடைத்தாளில் நீங்களே பார்த்த தப்பு விடைகள் (வாட்ஸ்அப் ஃபார்வர்டு வேண்டாம்)

சிவப்பு மை:
அரையாண்டுத் தேர்வுக் கட்டு மேசை மேல் கிடக்கிறது. ஆறாம் வகுப்பு அறிவியல். "நீரின் மூன்று நிலைகள் யாவை?" என்பது கேள்வி. ஒரு பையன் எழுதியிருக்கிறான்: "ஏரி, குளம், ஊருணி."

சிரித்து முடித்த பிறகுதான் யோசித்தேன். நாங்கள் இருப்பது சிவகங்கைப் பக்கம். இங்கே நீர்நிலை என்றால் வேறு என்ன? பஞ்சாயத்துச் சுவரிலேயே "நீர்நிலைகளைப் பாதுகாப்போம்" என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதே தாளில் இரண்டு கேள்வி தள்ளி, பனிக்கட்டி உருகினால் தண்ணீர், கொதித்தால் ஆவி என்று அழகாக எழுதியிருக்கிறான். பாடம் தெரிகிறது. கேள்விதான் அவனுக்குக் கண்மாய்ப் பக்கம் போய்விட்டது.

உங்களிடமும் இப்படி இருக்கும், சொல்லுங்கள். ஆனால் சொந்தமாகப் பார்த்ததாக இருக்கட்டும். "திப்பு சுல்தான் எந்தப் போரில் இறந்தார்? அவருடைய கடைசிப் போரில்" வகையறா வேண்டாம். பிள்ளையின் பெயர், பள்ளியின் பெயர், விடைத்தாள் போட்டோ இதெல்லாமும் வேண்டாம்.

பழைய பெஞ்ச்:
திப்பு ஜோக் என்ன பாவம் செய்தது? நன்றாகத்தானே இருக்கிறது!

சிவப்பு மை:
ஜோக்காக நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பிள்ளையும் தேர்வில் அப்படி எழுதாது. விடை தெரியாத பிள்ளை, ஞாபகத்தில் இருக்கிற ஏதாவது ஒரு போரை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். பாடத்தில் இருப்பது 1799, நான்காம் மைசூர் போர், ஸ்ரீரங்கப்பட்டினம். என் வகுப்பில் ஒருத்தி "நான்காம் பானிபட் போர்" என்று எழுதினாள். பானிபட்டில் மூன்றுதான் நடந்தது என்பதும் அவளுக்குத் தெரியும், அது இன்னொரு கேள்விக்கு அவளே எழுதிய விடை. "நான்காம்" என்பது மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது, போர் என்றால் பானிபட் என்று கை எழுதிவிட்டது. இதுதான் அசல் சரக்கு. "கடைசிப் போரில்" என்பது விவரமான பெரியவர் யாரோ உட்கார்ந்து யோசித்தது.

கணக்குவாத்தி:
சிவப்பு மை சொல்வது சரி. அசல் தப்புக்குள் ஒரு கணக்கு இருக்கும். என்னுடையதைக் கேளுங்கள்.

ஏழாம் வகுப்பு, தசம எண்கள் கூட்டல். ஒரு பையன் எழுதியது:
4.3 + 0.4 = 5.1
2.5 + 0.1 = 3
7.2 + 1.3 = 8.5

மூன்றில் ஒன்று சரி. கவனக்குறைவு என்று நினைத்து மார்க் போட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆனால் 5.1 உறுத்தியது. எந்தக் கழுதைக்கும் 4.7 வரவேண்டிய இடம் அது. கூப்பிட்டு வாய்விட்டுச் செய்யச் சொன்னேன். "நாலு ஓவர் மூணு பால் சார், அதோட நாலு பால்..." என்று ஆரம்பித்தான்.

அப்புறம் என்ன? ஆறு பந்துக்கு ஓர் ஓவர். 4.3-உடன் நாலு பந்து சேர்ந்தால் ஐந்து ஓவர் ஒரு பந்து. 2.5-உடன் ஒரு பந்து சேர்ந்தால் ஓவர் முடிந்தது, 3. மூன்றாவது கணக்கில் பந்து ஐந்தைத் தாண்டவில்லை, அதனால் நம் விடையோடு ஒத்துப்போய்விட்டது. மூன்றிலும் அவன் கணக்கு துல்லியம். டிவி திரையில் நாள் முழுக்க 4.3 என்று புள்ளி வைத்துக் காட்டினால் அவன் வேறு என்ன நினைப்பான்?

இரட்டைக்கோடு:
அந்தப் பையனுக்கு மார்க் போட்டீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

கணக்குவாத்தி:
இரண்டுக்கு முட்டை, ஒன்றுக்கு மார்க். பாவம், சரியாக வந்த அந்த ஒன்றும் அவனுக்கு வேறு கணக்குதான்.

இதைவிட வயிற்றெரிச்சலான ஒன்று இருக்கிறது. 1/2 + 1/3 = 2/5. மேலே இருப்பதை மேலே கூட்டு, கீழே இருப்பதைக் கீழே கூட்டு. எல்லா வகுப்பிலும் பத்துப் பிள்ளையாவது இப்படிச் செய்யும். எங்கே கற்றுக்கொண்டார்கள்? நம்மிடம்தான். முதல் தேர்வில் 17/20, இரண்டாவது தேர்வில் 15/20, மொத்தம் 32/40 என்று சிவப்பு மையில் நாமே கூட்டி எழுதி, கையெழுத்தும் போட்டு, வீட்டில் காட்டி வாங்கிவா என்கிறோம். அதே பிள்ளை பின்னத்தை அப்படிக் கூட்டினால் தலையில் குட்டு.

பழைய பெஞ்ச்:
ஐயோ! இதை நான் யோசித்ததே இல்லை. என் ரேங்க் கார்டு முழுக்க அப்படித்தானே இருந்தது.

பயிற்சிக் கல்லூரி:
பி.எட். வகுப்பில் இதற்கென்றே ஒரு பாடம் எடுப்பேன். 52 − 37 = 25 என்று எழுதும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். "இரண்டிலிருந்து ஏழு போகாது" என்று நாம் பாட்டாகச் சொல்லிக் கொடுக்கிறோமா? போகாது என்றால் போகிற மாதிரி திருப்பிக்கொள்கிறது, ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறது. பக்கம் பூராவும் அதே ஒழுங்கில் தப்பு செய்யும்.

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்று இரண்டு பேர் 1978-ல் இதைப் பற்றி எழுதினார்கள். பிள்ளைகளின் கழித்தல் தப்புகளை ஒரு கணினி நிரல் அப்படியே செய்து காட்டும். எந்த விதியைப் பிடித்துக்கொண்டு இந்தத் தப்பு வருகிறது என்று ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னால், சரி, அதே பிள்ளை இந்த அடுத்த கணக்குக்கு என்ன எழுதும் என்று கேட்கும். அங்கேதான் நம்மவர்கள் மாட்டிக்கொள்வார்கள். நிரலின் பெயர் "பக்கி". சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் பெயர்.

இரட்டைக்கோடு:
பக்கி 😂 எங்கள் கணக்கு சார் என்னைக் கூப்பிட்ட பெயர்.

பழைய பெஞ்ச்:
தப்பு வழியில் சரியான விடை வந்தால் என்ன செய்வீர்கள், கணக்குவாத்தி சார்? 16/64-ல் மேலே இருக்கும் 6, கீழே இருக்கும் 6 இரண்டையும் அடித்துவிட்டு 1/4 என்று எழுதினேன். விடை சரி. சார் முதுகில் ஒன்று வைத்தார். இன்றுவரை நியாயம் கிடைக்கவில்லை.

கணக்குவாத்தி:
அடித்தது தப்பு, மார்க் தராததும் கொஞ்சம் தப்பு. நான் என்றால் விடைக்கு ஒரு மார்க் போட்டுவிட்டு, ஸ்டெப் மார்க்கில் கை வைத்திருப்பேன். உங்கள் அதிர்ஷ்டத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு இலக்க எண்களில் இப்படித் தப்பாக அடித்தும் சரியாக வருவது 16/64, 19/95, 26/65, 49/98 என்று நான்கே நான்குதான் (11/11, 20/30 மாதிரி எவருக்கும் வருவதைத் தள்ளிவிட்டு). உங்களுக்கு அது போய்ச் சரியாக விழுந்திருக்கிறது. 13/39 கொடுத்திருந்தால் 1/9 என்று எழுதி மாட்டியிருப்பீர்கள்.

ஒற்றுப்பிழை:
கணக்குக்காரர்களே இடத்தைப் பிடித்துக்கொண்டால் எப்படி? தமிழாசிரியை வந்திருக்கிறேன், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

திருக்குறளை நிறைவு செய்க என்ற கேள்வியில் பிள்ளைகள் செய்யும் ஒட்டுவேலைக்கு ஈடே கிடையாது. முதல் அடி ஒரு குறளில், இரண்டாம் அடி இன்னொன்றில். போன காலாண்டில் ஒருவன் எழுதியது:

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
செல்வத்துள் எல்லாம் தலை

391-ம் குறளின் தலையும் 411-ன் வாலும். ஓசை இடிக்கவில்லை, பொருளும் கொஞ்சம் நிற்கிற மாதிரிதான் இருக்கிறது! இன்னொருத்தி:

தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன்
என்நோற்றான் கொல்எனும் சொல்

இதற்குப் பொருள் சொல்ல யாராவது உரையாசிரியர் இருந்தால் அனுப்பிவையுங்கள்.

அப்புறம் "வாக்கியத்தில் அமைத்து எழுதுக." அதுதான் என் சொந்தச் சுரங்கம். உள்ளங்கை நெல்லிக்கனி போல: "பம்பு அடித்து அடித்து என் கையில் உள்ளங்கை நெல்லிக்கனி போல கொப்புளம் வந்தது." கண்துடைப்பு: "தாத்தா இறந்தபோது அழுத அப்பாவுக்கு நான் கண்துடைப்பு செய்தேன்." இரண்டாவதுக்குத் தப்பு போட எனக்குக் கை வரவில்லை. அடியில் சின்னதாகப் பொருளை எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

சிவப்பு மை:
மார்க்?

ஒற்றுப்பிழை:
அரை. தலைமையாசிரியரிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் ஒரு வழக்கில் பிள்ளை கட்சிதான் சரி. மரபுத்தொடர் பகுதியில் "ஆகாயத்தாமரை". இல்லாத பொருள் என்ற அர்த்தத்தில் வர வேண்டும். ஒரு பெண் எழுதியிருந்தாள்: "எங்கள் ஊர்க் குளத்தில் ஆகாயத்தாமரை படர்ந்துவிட்டது, அதனால் யாரும் குளிப்பதில்லை." விடைக்குறிப்பைப் பார்த்து எங்கள் இளம் ஆசிரியர் ஒருவர் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டுவிட்டார். மறுநாள் அந்தப் பெண் ஒரு கட்டு ஆகாயத்தாமரையை வேரோடு பிடுங்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட ஸ்டாஃப் ரூம் வாசலில் கொண்டுவந்து வைத்தாள். குளம் குளமாக மிதக்கிற, பேப்பரில் தினமும் "ஆகாயத்தாமரையை அகற்றக் கோரிக்கை" என்று வருகிற அதே செடிதான். இல்லாத பொருளுக்கு உதாரணம் ஸ்டாஃப் ரூம் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டுதான் போனாள்.

இரட்டைக்கோடு:
அந்தப் பெண் வக்கீலாகத்தான் வருவாள் டீச்சர்.

வடமராட்சி:
எங்கட பக்கத்துப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்காம் தரத்துத் தவணைப் பரீட்சை. "நீங்கள் கண்ட ஆறு ஒன்றைப் பற்றி ஐந்து வசனங்கள் எழுதுக." வினாத்தாளை எங்கிருந்து எடுத்தார்களோ தெரியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. மாரியில் மட்டும் தண்ணீர் போகிற வழுக்கியாற்றை விட்டால், மற்றதெல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் வெட்டின கிணறுதான். பிள்ளை எழுதினது இது:

1. எங்கள் ஊரில் ஆறு இல்லை. 2. கிணறு இருக்கிறது. 3. கிணறு ஓடாது. 4. அதனால் அம்மா தேட வேண்டியதில்லை. 5. அப்பா மூடி போட்டிருக்கிறார்.

ஐந்து வசனமும் பிழையில்லாத வசனம். ரீச்சர் ஐந்துக்கு நாலு புள்ளி போட்டிருந்தா. கேட்டதுக்கு, "ஆறு எங்கே?" என்றா. அதுதானே, ஆறு எங்கே?

அறிவுக்களஞ்சியம்:
நண்பர்களே, பாரோமீட்டர் கதை தெரியுமா? கட்டடத்தின் உயரத்தை பாரோமீட்டரால் எப்படி அளப்பாய் என்று கேட்டார்கள். கயிற்றில் கட்டி மாடியிலிருந்து இறக்கி, கயிற்றை அளப்பேன் என்றான் மாணவன். முட்டை போட்டார்கள். அவன்தான் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் போர்! அந்த விடைத்தாளை மறுபடி பார்த்து மார்க் போட்டவர் ரூதர்ஃபோர்டு!

சிவப்பு மை:
ஃபார்வர்டு வேண்டாம் என்று முதல் பதிவிலேயே சொல்லிவிட்டேனே.

பயிற்சிக் கல்லூரி:
விடுங்கள், கதை நல்ல கதைதான், ஆளைத்தான் மாற்றிவிட்டார்கள். அதை எழுதியவர் அலெக்ஸாண்டர் கலாண்ட்ரா. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். 1968-ல் ஒரு வார இதழில் அது வெளிவந்து பரவியது. அதில் மாணவனுக்குப் பெயரே கிடையாது. நீல்ஸ் போரும் ரூதர்ஃபோர்டும் பின்னால் யாரோ ஒட்டவைத்தவர்கள். சிவப்பு மையின் சோதனை இதற்கும் பொருந்துகிறது பாருங்கள்: பிள்ளையின் தப்பு விடை நோபல் பரிசில் போய் முடிந்தால் அது ஃபார்வர்டு.

அறிவுக்களஞ்சியம்:
தகவலுக்கு நன்றி. எங்கள் குடும்பக் குழுவிலும் சொல்லிவிடுகிறேன். (நம்ப மாட்டார்கள்.)

டெல்டாக்காரன்:
வரலாறு. "ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ஏன் நடந்து சென்றார்?" விடை: "அந்தக் காலத்தில் பஸ் வசதி இல்லை."

1930 ஏப்ரல் 13-ல் கிளம்பி 28-ம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். 150 மைல். பையன் பார்வையில் அவ்வளவு தூரத்தை யாராவது வேண்டுமென்றே நடப்பார்களா? "உப்பு வாங்கக் கடையும் இல்லை" என்று ஒரு வரி கூடுதலாக வேறு எழுதியிருந்தான். நான் சுழித்துவிட்டேன்.

பழைய பெஞ்ச்:
பஸ் இல்லாவிட்டால் என்ன, ரயில் இருந்ததே! நாகப்பட்டினம்–திருச்சி பாதை 1860-களிலேயே போட்டாயிற்று. தஞ்சாவூர் வரைக்குமாவது போயிருக்கலாம் என்று அவனுக்குச் சொல்லுங்கள்.

டெல்டாக்காரன்:
நீங்கள் தேர்வு எழுதியிருந்தால் உங்களுக்கும் சுழிதான்.

அம்மா ஒருத்தி:
நான் ஆசிரியை இல்லை, வீட்டில் ஏழாவது படிக்கிற பெண் இருக்கிறாள். "தாவரம் வளரத் தேவையான பொருள் பெரும்பாலும் எங்கிருந்து கிடைக்கிறது?" என்பதற்கு "மண்ணிலிருந்து" என்று எழுதி முட்டை வாங்கி வந்திருக்கிறாள். எனக்கும் அதுதான் தெரியும். மண்ணில்தானே நடுகிறோம், எருவும் மண்ணில்தானே போடுகிறோம். நான் கேட்டால் சிரிப்பார்களோ என்று பள்ளிக்கூடத்தில் கேட்கவில்லை. இங்கே கேட்கிறேன்.

சிவப்பு மை:
யாரும் சிரிக்க மாட்டார்கள் அம்மா. உங்கள் மகளுக்கு இந்த விஷயத்தில் அரிஸ்டாட்டில் துணை இருக்கிறார், அவர் நினைத்ததும் அதுதான்.

வான் ஹெல்மான்ட் என்று ஒருவர் 200 பவுண்டு காய்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ கன்றை நட்டார். ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். பிடுங்கி எடை போட்டால் மரம் 169 பவுண்டு, சொச்சம். மண்ணைக் காயவைத்து எடை போட்டால் சுமார் 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்று ஆயிற்று. அப்படியானால் முழுக்கத் தண்ணீர்தான் மரமாக மாறியது என்று எழுதிவைத்தார். அவர் இறந்த பிறகு 1648-ல் அது அச்சானது.

அதுவும் தப்பு! மரத்தின் உடம்பில் இருக்கும் கரி காற்றிலிருந்து, கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது. தண்ணீரும் சேர்கிறது, மண்ணிலிருந்து வருவது கொஞ்சம் உப்புச் சத்துகள்தான். வேடிக்கை என்னவென்றால் "காஸ்" என்ற சொல்லை உண்டாக்கியவரே இந்த வான் ஹெல்மான்ட்தான். கரி எரிந்தால் வரும் காற்றையும் அவர் கவனித்திருந்தார். தொட்டிக்கு வெளியே சுற்றி இருந்ததை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. மகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், விடை மறக்காது.

அம்மா ஒருத்தி:
காற்றிலிருந்து மரமா! நம்பவே கஷ்டமாக இருக்கிறது. சொல்கிறேன், நன்றி.

பயிற்சிக் கல்லூரி:
பெரியவர்களும் இதில் ஒன்றும் குறைச்சல் இல்லை. 1980-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் வைத்தே, பருவகாலம் ஏன் மாறுகிறது, நிலா ஏன் தேய்ந்து வளர்கிறது என்று 23 பேரிடம் கேட்டார்கள். கேமரா முன்னால் 21 பேர் தப்பாகச் சொன்னார்கள், அதுவும் நல்ல தைரியமாக. பூமி சூரியனுக்குக் கிட்டப் போனால் கோடை என்பதுதான் பிரபலமான விடை. உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில். ஹார்வர்டில் அப்போது பனி கொட்டிக்கொண்டிருக்கும்.

முகமூடி:
எல்லோரும் ரசித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எட்டாவதில் என் விடை ஒன்றை ஆசிரியர் வகுப்பில் உரக்கப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வருஷம் பூராவும் அதுதான் எனக்குப் பட்டப்பெயர். விடை தெரியாத கேள்வியை அதற்கப்புறம் நான் எழுதவே இல்லை, வெறுமனே விட்டுவிடுவேன். வெற்றுத் தாளைப் படித்துக் காட்டிச் சிரிக்க முடியாதே.

ஒற்றுப்பிழை:
தம்பி (தங்கையோ), நீங்கள் குறுக்கே வரவில்லை. நான் வகுப்பில் படித்துக் காட்டுவதில்லை, ஆனால் ஸ்டாஃப் ரூமில் படிப்போம். அங்கே சுவருக்கும் காது உண்டு என்பதை யோசிக்கத்தான் வேண்டும். இங்கே பெயர், போட்டோ வேண்டாம் என்று சிவப்பு மை முதலிலேயே வரம்பு கட்டியது நல்லதாயிற்று.

கணக்குவாத்தி:
வெற்றுத் தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்பது எங்களுக்கும் பொருந்தும் தம்பி. 5.1 என்று எழுதியதால்தானே அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்? ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் படிக்கவில்லை என்று முடிவுகட்டியிருப்பேன்.

பயிற்சிக் கல்லூரி:
ஆசிரியர்கள் இருப்பதால் ஒரு கணக்கைத் தருகிறேன், வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். ஒரு பேருந்தில் 36 பேர் ஏறலாம். 1128 படைவீரர்களைக் கொண்டுபோக எத்தனை பேருந்து வேண்டும்?

அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் நாடு தழுவிய தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தார்கள். வகுத்தலைச் சரியாகச் செய்தவர்கள் 70 சதவீதம். ஆனால் 32 என்று எழுதியவர்கள் 23 சதவீதம்தான். "31, மீதி 12" என்று எழுதியவர்கள் 29 சதவீதம். பேருந்தில் மீதி எப்படி ஏறும் என்று இவர்கள் யோசிக்கவில்லை.

இரட்டைக்கோடு:
மீதி 12 பேரும் போர் முடிந்த பிறகு வந்துசேர்வார்கள்.

கணக்குவாத்தி:
நாளைக்கே கொடுக்கிறேன். படைவீரரை எடுத்துவிட்டுத் திருவிழாக் கூட்டம் என்று மாற்றிக்கொள்கிறேன்.

கணக்குவாத்தி:
கொடுத்தாயிற்று. பாதிப் பேர் அமெரிக்கா மாதிரியேதான், "31, மீதி 12." நாலைந்து பேர் 32. ஒரு பெண் மட்டும் வகுத்தலைச் சுத்தமாகச் செய்து, மீதியை வட்டம் போட்டு, கீழே எழுதியிருந்தாள்: "31 பஸ் போதும். 12 பேர் படியில் தொங்கலாம்."

பழைய பெஞ்ச்:
31 பஸ்ஸுக்கு 12 பேர்தானே, பஸ்ஸுக்கு அரை ஆள்கூட இல்லை. தாராளமாகப் போகலாம்.

சிவப்பு மை:
மார்க் எவ்வளவு போட்டீர்கள்?

கணக்குவாத்தி:
போடவில்லை, தாள் இன்னும் பையில்தான் இருக்கிறது. அவள் அப்பா மினிபஸ் கண்டக்டர். வரும் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். விடைக்குறிப்பு 32 என்கிறது, அவர் வந்து என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டுப் போடலாம் என்று இருக்கிறேன்.